தொழில்நுட்ப வேலையை விட்டு வீடு புதுப்பிக்கும் ஃபிரான்சைஸ்: நான்கு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

மென்பொருள் வேலையில் 16 வருடம் இருந்தேன். இப்போது வீடு புதுப்பிக்கும் தொழிலில் ஒரு ஃபிரான்சைஸ் கிளையை, அதாவது ஒரு பிராண்டின் பெயரையும் முறைகளையும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் கிளையை, நடத்துகிறேன், இரண்டு வருடம் ஆகிறது. நடுவில் ஒரு எட்டு மாதம், வேலையில் இருந்துகொண்டே, ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு ஒப்பந்தப் பத்திரங்களையும் கணக்கையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது யாராவது எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த இடத்தில் கையைக் கடிக்கும் என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். ஃபிரான்சைஸ் விற்கிறவர்கள் ஃபிரான்சைஸைப் பற்றி மட்டும் பேசினார்கள், சொந்தப் பெயரில் தொழில் வைத்திருந்தவர்கள் ராயல்டி, அதாவது விற்பனையில் பிராண்டுக்குத் தரும் பங்கு, கட்டுவது வீண் என்றார்கள், கூட வேலை பார்த்த நண்பர்கள் மாதச் சம்பளத்தை விடாதே என்றார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, அவரவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததைச் சொன்னார்கள்.

என் முன்னால் இருந்தவை நான்கு வழிகள். இருக்கிற வேலையிலேயே தொடர்வது ஒன்று. ஒரு பிராண்டின் ஃபிரான்சைஸை எடுத்து, இன்னும் யாரும் எடுக்காத பகுதியில் புதிதாகத் தொடங்குவது இன்னொன்று. யார் பெயரையும் வாங்காமல் சொந்தப் பெயரில் இறங்குவது மூன்றாவது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, அது ஃபிரான்சைஸ் கிளையோ தனி நிறுவனமோ, அதன் உரிமையாளரிடமிருந்து விலைக்கு வாங்குவது நான்காவது. நான் எடுத்தது நான்காவது. அது எல்லோருக்கும் பொருந்தாது, ஏன் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் தொழிலைப் பற்றி. சமையலறை, குளியலறை, தரை, உள்மரவேலை என்று எதைப் புதுப்பித்தாலும் இதில் மூன்று வேலைதான் இருக்கிறது. வாடிக்கையாளரைக் கொண்டுவருவது, சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிப்பது, கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வது. ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றில் எதை எனக்குத் தருகிறது, எதை என் தலையில் விடுகிறது என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் குழப்பம் குறைந்தது. ஏனென்றால் ஃபிரான்சைஸ் முதலாவதில் கொஞ்சமும் மூன்றாவதில் நிறையவும் உதவுகிறது. இரண்டாவதை, அதாவது நல்ல தச்சர், டைல்ஸ் ஒட்டுகிறவர், பிளம்பர், எலக்ட்ரீசியன் இவர்களைத் தேடிப் பிடித்து, தக்கவைத்து, காலை எட்டு மணிக்குச் சரியான வீட்டின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதை, எந்தப் பிராண்டும் உங்களுக்காகச் செய்யாது.

இருக்கிற வேலை

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், உங்களுக்கே தெரிந்தது. சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, உடம்புக்கு முடியவில்லை என்றால் விடுப்பு இருக்கிறது, நிறுவனம் நஷ்டப்பட்டாலும் உங்கள் வீட்டை யாரும் ஏலம் விட மாட்டார்கள். ஒப்பீட்டில் இதன் எடையைக் குறைத்துப் போடாதீர்கள். தொழிலில் வரும் லாபத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கால நிதி, சம்பளத்துடன் கூடிய விடுமுறை எல்லாம் இனி உங்கள் பையிலிருந்து போகும். இன்னொன்று, வேலை சலித்துவிட்டது என்பதும் மேலதிகாரியைப் பிடிக்கவில்லை என்பதும் வேறுவேறு நோய்கள். இரண்டாவதற்கு நிறுவனம் மாறினால் போதும், அதற்காக வாழ்நாள் சேமிப்பைப் போட்டுத் தொழில் வாங்க வேண்டியதில்லை.

புதிய பகுதியில் புதிய ஃபிரான்சைஸ்

இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிடைப்பது என்ன? பெயர், பயிற்சி, எஸ்டிமேட் போடும் மென்பொருள், பொருள் வாங்குவதில் சலுகை விலை, விளம்பரத்துக்குத் தயார் வடிவங்கள், போன் செய்தால் பதில் சொல்ல ஒரு ஆள், அதே தொழிலில் இருக்கும் மற்ற கிளைக்காரர்கள். கடைசியில் சொன்னதை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. உண்மையில் அதுதான் அதிகம் உதவுகிறது, ஏனென்றால் இன்னொரு பகுதியில் இருக்கிறவர் உங்களுக்குப் போட்டி இல்லை, தன் கணக்கை மறைக்காமல் காட்டுவார்.

கொடுப்பது என்ன? தொடக்கத்தில் ஒரு உரிமைக் கட்டணம், அப்புறம் மாதாமாதம் விற்பனையில் இத்தனை சதவீதம் ராயல்டி, அதற்கு மேல் பொது விளம்பர நிதிக்கு ஒரு சதவீதம். ராயல்டி விற்பனை மேல் கணக்கிடப்படுவது, லாபத்தின் மேல் இல்லை. இந்த ஒரு வரியின் பாரம் எனக்குக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒரு சமையலறை வேலைக்கு 100 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொருளும் கூலியும் 65. கையில் 35. ராயல்டி 6, விளம்பர நிதி 2, உங்கள் பகுதியில் நீங்களே செய்யும் விளம்பரம் 8, ஷோரூம் வாடகை, வண்டி, காப்பீடு, அலுவலக ஆள் எல்லாம் சேர்த்து 12. மிச்சம் 7. இப்போது அந்த வேலையில் செலவு பத்து சதவீதம் கூடிவிடுகிறது: ஒரு கேபினெட் உடைந்து வந்தது, சுவரை உடைத்தால் உள்ளே குழாய் அரித்துப்போயிருந்தது, டைல்ஸ்காரர் இரண்டு நாள் வரவில்லை. 65 என்பது 71.5 ஆகிறது. உங்கள் 7 இப்போது அரை. ராயல்டி அதே 6. அவர்களுக்கு வர வேண்டியது வந்துவிட்டது, நீங்கள் ஆறு வாரம் அலைந்ததற்கு அரை மிஞ்சியது.

இதனால் ராயல்டி அநியாயம் என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு. 100 விற்று 8 கட்டினால் 92 நிற்கிறது. அதே வேலைக்கு, அதே செலவில், சொந்தப் பெயரில் நீங்கள் போனால் வீட்டுக்காரர் 92 தருவாரா, 100 தருவாரா? பெயரின் பலத்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுதல் விலை கேட்க முடிகிறது என்றால் ராயல்டி தன் செலவைத் தானே கட்டிவிடுகிறது. உங்கள் பகுதியில் அந்தப் பெயரை யாருக்கும் தெரியாது என்றால் நீங்கள்தான் அவர்களுடைய பெயரை உங்கள் காசில் பிரபலப்படுத்துகிறீர்கள். இதைச் சோதிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சமீபத்தில் வீட்டைப் புதுப்பித்த பத்து பேரிடம் யார் யாரிடம் எஸ்டிமேட் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயர் ஒரு முறையாவது தானாக வருகிறதா பாருங்கள். நான் பார்த்த முதல் பிராண்டு ஒருமுறை கூட வரவில்லை.

அப்புறம் ஒப்பந்தம். அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி ஒன்று 1979-லிருந்து இருக்கிறது. அதன் இப்போதைய வடிவத்தின்படி, ஃபிரான்சைஸ் விற்கிறவர் தன் தொழில் விவரங்களை எழுதித் தரும் 23 பகுதிகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தை, கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 14 நாள் முன்பே ஆவணம் தர வேண்டும், கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ளவும் 14 நாள் அவகாசம் உண்டு. இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்கள்தான். சட்டம் கேட்காத இடத்தில் நீங்கள்தான் கேட்க வேண்டும். அதற்காகவாவது அந்த 23 பகுதிகளில் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள், எந்த நாட்டில் இருந்தாலும் கேள்விப் பட்டியலாக அது உதவும்.

எனக்கு அதிகம் சொன்னவை இரண்டு பகுதிகள். 19-ஆவது பகுதியில் கிளைகளின் வருமான விவரம் இருக்கும், அதாவது கம்பெனி விரும்பினால் மட்டும் இருக்கும், கட்டாயம் இல்லை. அது காலியாக இருந்தும் விற்பனையாள் வாய்வழியாகப் பெரிய எண் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். எண் இருந்தாலும் அது விற்பனையா லாபமா, எத்தனை கிளைகளின் சராசரி, எவ்வளவு பழைய கிளைகள் என்று பாருங்கள். பத்து வருடம் ஓடின கிளையின் விற்பனை உங்கள் முதல் வருடத்துக்குப் பொருந்தாது. 20-ஆவது பகுதியில் கடந்த மூன்று வருடத்தில் எத்தனை கிளைகள் திறந்தன, எத்தனை கைமாறின, எத்தனை மூடின என்ற அட்டவணை இருக்கும், இப்போதைய கிளைக்காரர்களோடு, கடைசி நிதியாண்டில் வெளியேறினவர்களைத் தொடர்புகொள்ளும் விவரமும் இருக்கும். இப்போது நடத்துகிறவர்களைவிட வெளியேறினவர்களுக்கு முதலில் போன் செய்யுங்கள். நான் அப்படிப் பேசினவர்களில் ஒருவர்கூடப் பிராண்டைத் திட்டவில்லை. பெரும்பாலும் ஒரே கதை: வேலை வந்தது, செய்ய ஆள் இல்லை, செய்த ஆள் சரியில்லை, திரும்பச் செய்ததில் பணம் போனது. நான் மேலே சொன்ன இரண்டாவது வேலை.

ஒப்பந்தத்தில் இன்னும் சிலவற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நீங்கள் தொழில் செய்யும் பகுதி உங்களுக்கு மட்டும்தான் என்று இருக்கிறதா, அதில் விதிவிலக்குகள் இருக்கின்றனவா. விற்பனை குறைந்தாலும் குறைந்தபட்ச ராயல்டி உண்டா. பொருளை அவர்கள் சொன்ன இடத்தில்தான் வாங்க வேண்டுமா. விலகினால் அதே தொழிலை அதே பகுதியில் எத்தனை வருடம் செய்யக் கூடாது. கடைசியாக, தனிப்பட்ட ஜாமீன். நீங்கள் தொடங்கும் கம்பெனி பெயரில்தான் எல்லாம், உங்கள் சொத்துக்கு ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஆனால் கடனிலும் கடை வாடகையிலும் பல ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களிலும் உரிமையாளர் தனிப்பட்ட முறையில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு கம்பெனியின் கடன் உங்கள் கடன். இதை ஒரு வக்கீலிடம் காட்டாமல் செய்யாதீர்கள், ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் பார்த்துப் பழகினவராக இருந்தால் நல்லது.

மேனேஜர் வைத்து நடத்தலாம், வேலையை விடவே வேண்டாம் என்றும் சொல்வார்கள். இந்தத் தொழிலில் அதை நான் நம்பவில்லை. ஒவ்வொரு வீடும் வேறு, ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஏதாவது வருகிறது, அந்த முடிவு உங்கள் காசு.

சொந்தப் பெயரில்

ராயல்டி இல்லை, யாரையும் கேட்க வேண்டாம், பிடிக்காத வேலையை மறுக்கலாம், பகுதிக்கு எல்லை கிடையாது. ஏற்கெனவே கட்டுமானத்தில் கால் பதித்தவருக்கு, தச்சர்களையும் மேஸ்திரிகளையும் பல வருடமாகத் தெரிந்தவருக்கு, இதுதான் நல்ல வழி என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் கணினி முன்னால் இருந்து நேராக வருகிறவருக்கு இதில் ஒரு பெரிய குழி இருக்கிறது, விலை போடுவது.

செலவு 100, அதில் 50 சதவீதம் சேர்த்து 150 என்று விலை சொல்கிறோம், நமக்கு 50 சதவீதம் லாபம் என்று நினைக்கிறோம். விற்பனையில் பார்த்தால் அது 33 சதவீதம்தான். 40 சதவீதம் வேண்டுமென்றால் 100 செலவுக்கு ஏறத்தாழ 167 கேட்க வேண்டும். கேட்டால் எளிய கணக்கு, ஆனால் எஸ்டிமேட் போடும் அவசரத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பம் இன்னொருவர் குறைவாகச் சொன்னார் என்று சொல்லும்போது, முதல் வருடத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். அதோடு செலவு 100 என்பதே தவறாக இருக்கும்: குப்பை அகற்றுவது, தரையை மூடி வைப்பது, வெட்டும்போது வீணாகும் டைல்ஸ், இரண்டாவது முறை போய்வந்த கூலி இதெல்லாம் எஸ்டிமேட்டில் இருக்காது. நல்ல ஃபிரான்சைஸ் தரும் உண்மையான சொத்து இந்தப் பட்டியல்தான், பல நூறு வேலைகளில் மறந்து நஷ்டப்பட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்த வரிகள். அதைத் தனியாகக் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று வருடமும் கொஞ்சம் நஷ்டமும் ஆகும். ராயல்டியில் ஒரு பகுதியை அந்தக் காலத்துக்கான விலையாகத்தான் நான் பார்க்கிறேன். பிரச்சினை, கற்று முடித்த பிறகும் ஒப்பந்தக் காலம் முழுவதும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருப்பதை வாங்குவது

நான் இங்கே வந்து சேர்ந்தது தற்செயல். நான் விசாரித்துக்கொண்டிருந்த பிராண்டின் ஒரு கிளையை நடத்திவந்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமில்லை. அவரிடம் ஒரு தலைமைத் தச்சர், இரண்டு உதவியாளர்கள், பல வருடமாகக் கூட வேலை செய்யும் பிளம்பரும் எலக்ட்ரீசியனும் இருந்தார்கள். புதிய பகுதியை விடக் கிளையின் விலை அதிகம்தான். ஆனால் புதிய பகுதியில் முதல் ஆறு மாதம் ஒரு வரவும் இல்லாமல் கழியும் செலவையும், ஆட்களைத் தேடும் காலத்தையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு வகை. விற்கிறவர் காட்டும் லாபத்தில் அவருடைய சொந்த உழைப்புக்கு ஒரு சம்பளத்தைக் கழித்துப் பாருங்கள், பல சிறு தொழில்களில் உரிமையாளரின் சம்பளத்தைக் கழித்தால் லாபமே இருக்காது, நீங்கள் விலை கொடுத்து ஒரு வேலையை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். மூன்று வருட வரிக் கணக்கும் அவர் காட்டும் கணக்கும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வாடிக்கையாளர்களிடம் அட்வான்ஸ் வாங்கி இன்னும் முடிக்காத வேலைகள் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள், அந்த அட்வான்ஸ் செலவாகிவிட்டது என்றால் மிச்ச வேலையை நீங்கள் கைக்காசு போட்டு முடிக்க வேண்டும், விலையில் அதைக் கழித்தாக வேண்டும். பழைய வேலைகளுக்குக் கொடுத்த உத்தரவாதம் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனியையே வாங்கினால் அதன் பழைய வழக்குகளும் கடன்களும் கூடவே வரும், சொத்துகளையும் பெயர் உரிமையையும் மட்டும் வாங்கினால் பெரும்பாலும் வராது. ஃபிரான்சைஸ் கிளை என்றால் கைமாற்றத்துக்குத் தலைமை நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், கைமாற்றுக் கட்டணம் இருக்கும், பல சமயம் பழைய ஒப்பந்தம் தொடராது, அன்றைய புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்வார்கள். பழையவர் கட்டின ராயல்டி சதவீதம்தான் உங்களுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். நல்ல கிளை விற்பனைக்கு வருவது அரிது, வரும் நேரம் உங்கள் கையில் இல்லை. நன்றாக ஓடாததால் விற்கப்படுவதுதான் அதிகம், காரணம் கேட்டால் எல்லோரும் ஓய்வு என்றுதான் சொல்வார்கள். வாடிக்கையாளர்கள் பழைய முதலாளியின் முகத்துக்காக வந்தவர்கள் என்றால் அவர் போனதும் அவர்களும் போய்விடலாம்.

பணம் எப்படி நகர்கிறது

எந்த வழியில் இறங்கினாலும் இந்தத் தொழிலில் பணம் நகரும் விதம் ஒன்றுதான், சம்பளக்காரருக்கு இதுதான் மிகவும் புதியது. அட்வான்ஸ் வருகிறது, கேபினெட்டுக்கும் கல்லுக்கும் கட்டுகிறோம், நடுவில் ஒரு தவணை, கடைசித் தவணை எல்லாம் முடிந்த பிறகு. அந்தக் கடைசித் தவணையில்தான் நம் லாபம் இருக்கிறது. அது ஒரு கைப்பிடி சரியாகப் பொருந்தவில்லை, ஒரு மூலையில் பூச்சு தெரிகிறது என்று சின்னச் சின்னக் குறைகளில் மூன்று வாரம் தொங்கும். இதற்கிடையில் அடுத்த மூன்று வேலைகளின் அட்வான்ஸ் வந்து வங்கிக் கணக்கு நிறைந்திருக்கும், தொழில் நன்றாகப் போகிறது என்று தோன்றும். அந்தப் பணம் இன்னும் நம்முடையது இல்லை. அதை எடுத்துப் பழைய வேலையை முடிக்க ஆரம்பித்தால், அடுத்த வேலைக்கு அதற்கடுத்த அட்வான்ஸ், பிறகு நிறுத்தவே முடியாது. வேலை குறைந்த மாதத்தில்தான் அது தெரியவரும்.

நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு காரியம் செய்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையிலும் இனி ஆகப்போகும் செலவு எவ்வளவு என்று புதிதாக எழுதுகிறேன், எஸ்டிமேட்டில் மிச்சமிருப்பதைப் பார்த்து எழுதாமல், தச்சரைக் கேட்டு எழுதுகிறேன். இனி வர வேண்டிய தவணைகளிலிருந்து அதைக் கழித்தால் அந்த வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். தொழில்நுட்ப வேலை தந்த பழக்கங்களில் உண்மையிலேயே காசாக மாறினது இதுதான்.

நம் பழைய திறமை எங்கே உதவுகிறது

எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்கும் கண் உதவுகிறது. கீழ் கேபினெட்டுகளைப் பொருத்தி மட்டம் பார்க்காமல் சமையல் மேடைக் கல்லுக்கு அளவெடுக்க முடியாது, அளவெடுத்த பிறகு கல் வெட்டி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், கல் வராமல் சிங்க் இல்லை, சிங்க் இல்லாமல் பிளம்பருக்கு வேலை இல்லை. ஆகவே ஒரு கீழ் கேபினெட் சேதமாகி வந்தால் முழு வேலையும் தள்ளிப்போகும், மேல் கேபினெட் சேதமானால் அவ்வளவு பாதிப்பில்லை. இதைச் சொன்னதும் நம் ஆட்களுக்குப் புரிந்துவிடும், பொருள் வந்த அன்றே எதைப் பெட்டி பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் தெரிந்துவிடும்.

உதவாத இடமும் இருக்கிறது. மென்பொருளில் தவறு நடந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். வெட்டின கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. முதல் வருடத்தில் ஒரு குளியலறையில், நாள் தள்ளிப்போகிறது என்ற பதற்றத்தில், வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்க்கும் சோதனையை விட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். தச்சர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கீழறைக் கூரையில் ஈரம். டைல்ஸை உடைத்து, அடித்தளம் வரை எடுத்து, முதலிலிருந்து செய்து கொடுத்தோம், அந்த வேலையின் லாபத்தோடு அடுத்த வேலையின் லாபமும் போனது. அந்த வீட்டம்மா ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை, வயதான தன் அம்மா அந்த நாட்களில் எங்கே குளிப்பார் என்று மட்டும் கேட்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

விற்பனையும் அப்படித்தான். நான் எல்லாவற்றையும் விளக்கிவிடுவேன், பலகையின் தரம், கீல், பசை, ஈரம் தாங்கும் அளவு. கேட்கிறவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது எத்தனை நாள் வீட்டில் சமைக்க முடியாது, குழந்தையைத் தூசியிலிருந்து எப்படிக் காப்பது, சொன்ன விலை கூடுமா என்பதுதான். விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பல மாதம் ஆனது. ஃபிரான்சைஸ் பயிற்சியில் பயனாக இருந்தது இந்தப் பகுதி, இதைத் தனியாகக் கற்றிருப்பேனா என்று சந்தேகம்தான்.

யாருக்கு எது

வீட்டுச் செலவுக்கு ஒரு வருடத்துக்காவது, முடிந்தால் ஒன்றரை வருடத்துக்கு, தொழிலில் போடும் முதலீட்டைத் தொடாமல் தனியாகப் பணம் இல்லை என்றால் இப்போதைக்கு வேலையிலேயே இருங்கள். அந்தக் காலத்தை வீணாக்க வேண்டாம், சனிக்கிழமைகளில் ஒரு சிறு கான்ட்ராக்டரோடு போங்கள், சம்பளம் வேண்டாம் என்றால் பெரும்பாலானவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். நான் நான்கு மாதம் போனேன், பாரம் தூக்கினேன், தூசி வாரினேன், சிடுசிடுக்கும் வீட்டுக்காரர் முன்னால் அவர் எப்படிப் பொறுமையாகப் பேசுகிறார் என்று பார்த்தேன். ஆவணங்களைப் படித்த எட்டு மாதத்தைவிட இந்த நான்கு மாதம் அதிகம் சொல்லிக்கொடுத்தது. அங்கே போய்ப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் உங்களுக்குச் செலவானது சில சனிக்கிழமைகள்தான்.

பணம் இருக்கிறது, விற்கத் தெரியும், நாலு பேரை வைத்து வேலை வாங்கத் தெரியும், தொழில் நுணுக்கம் மட்டும் தெரியாது என்றால் புதிய பகுதி ஃபிரான்சைஸ் பொருந்தும், ஆனால் கையெழுத்துக்கு முன்பே ஒரு நல்ல தலைமைத் தச்சராவது உங்களோடு வரச் சம்மதித்திருக்க வேண்டும். ஆட்களை ஏற்கெனவே தெரியும் என்றால் சொந்தப் பெயர். விற்பதிலும் ஆள் சேர்ப்பதிலும் தயக்கம், கணக்கும் திட்டமிடலும் பலம், காத்திருக்கும் பொறுமை இருக்கிறது என்றால், நம் துறையிலிருந்து வருகிற பலர் இப்படித்தான் இருக்கிறோம், ஓடுகிற ஒன்றை வாங்கப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களையும் இந்தப் பேச்சில் முதல் நாளிலிருந்தே உட்கார வையுங்கள். ஜாமீன் கையெழுத்து ஒருவருடையதாக இருந்தாலும் அதன் கீழ் தூங்கப்போவது எல்லோரும்.

என் ஒப்பந்தத்தில் நான் விடாப்பிடியாக நின்றது ஒரே ஒரு விஷயத்துக்கு. விலையில் 15 சதவீதத்தை ஒரு வருடம் கழித்துத்தான் தருவேன், அதுவும் தலைமைத் தச்சர் அதுவரை வேலையில் இருந்தால் மட்டும் முழுமையாகத் தருவேன் என்றேன். விற்கிறவருக்குக் கோபம், ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் சம்மதித்தார், தச்சரைத் தன் வீட்டுக்கு அழைத்து என்னையும் உட்காரவைத்து, இவருக்கு ஒன்றும் தெரியாது, நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். கையெழுத்தான மறுநாள் அந்தத் தச்சரின் கூலியைக் கூட்டினேன், தொழிலில் நான் எடுத்த முதல் முடிவு அதுதான். குளியலறைச் சம்பவத்துக்குப் பிறகு அவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நேற்றுக்கூட ஒரு வீட்டில் கீழ் கேபினெட் மட்டம் ஒரு மில்லிமீட்டர் தப்பு என்று கல் அளவெடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் போனது. நான் வீட்டுக்காரருக்குப் போன் செய்து நாளைக்கு என்று சொன்னேன்.